மாமனாரும் மருமகனும் திரித்த கயிறு

இந்தக் காலத்து ஜனங்களுக்குத் தின்ற தட்டைக் கழுவத் துப்பில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய், மண்டை பிளக்கிற வெயிலில் நின்று, எவன் வீட்டுப் போர்வையையோ கல்லில் போட்டு அடிப்பார்கள். அடிக்கிறதைப் படம் பிடிப்பார்கள். அந்தப் படத்தை ராத்திரி வாஷிங் மெஷின்மேல் சாய்ந்துகொண்டு நாலு பேருக்கு அனுப்புவார்கள்.

முடிச்சுக்காரர் இப்படித்தான் நினைத்தார். மனசில் நினைத்து வைத்துக்கொள்கிற ஆள் இல்லை அவர். வாசலில் டிக்கெட் கிழிக்கிறவனைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்ப்பா, உள்ளே அப்படி என்னதான் இருக்கு?"

"பழைய காலத்து வீடுங்க ஐயா. ஒவ்வொரு வீட்டுலயும் குடும்பமா சேர்ந்து ஒரு வேலை செஞ்சு பாக்கலாம். மாவு அரைக்கலாம், தண்ணி இறைக்கலாம், துணி துவைக்கலாம்..."

"செஞ்சா கூலி யாரு தருவா?"

"கூலியா? அதுக்குத்தானே ஐயா டிக்கெட்டு."

"வேலைக்கு ஆள் வெச்சுக் கூலி குடுக்காதவனைப் பாத்திருக்கேன். ஆளுகிட்டயே வாங்கிட்டு வேலையும் வாங்குறவனை இப்பதான் பாக்கறேன். உங்க முதலாளி பிழைக்கத் தெரிஞ்சவன்."

"அப்பா, நகருங்க. பின்னாடி வரிசை நிக்குது" என்று மகள் அவர் முழங்கையைப் பிடித்து உள்ளே தள்ளினாள். மாப்பிள்ளை டிக்கெட்காரனைப் பார்த்து மன்னிப்புக் கேட்கிற மாதிரி சிரித்தார். அந்தச் சிரிப்பும் முடிச்சுக்காரருக்குப் பிடிக்கவில்லை.

அவர் லாரி ஷெட்டில் பாரம் கட்டினவர். ஆயுசெல்லாம் அதே வேலை. மூட்டையோ பெட்டியோ இரும்புக் கம்பியோ, லாரியில் அடுக்கினதும் மேலே தார்ப்பாய் போட்டு, கயிற்றை வீசி, காலை டயரில் உதைத்துக்கொண்டு இழுத்துக் கட்ட வேண்டும். அவர் போட்ட முடிச்சைப் போய்ச் சேருகிற இடத்தில் அவிழ்க்க முடியாமல் டிரைவர்கள் அரிவாளால் அறுப்பார்கள். அப்படி வந்த பேர்தான் முடிச்சுக்காரர். சொந்தப் பேர் ரேஷன் கார்டோடு சரி.

மனைவி போன பிறகு ஒரு கிடங்கின் மாடியில் ஒற்றை அறையில் இருந்தார். அந்தக் கிடங்கை இடிக்கப் போகிறார்கள். மற்ற அறைக்காரர்கள் எல்லாரும் காலி செய்துவிட்டார்கள். மாடிப்படி விளக்கைக்கூட யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இந்த மாசத்துக்குள் இவரும் கிளம்பியாக வேண்டும். மகள் வீட்டில் சாமான் போட்டு வைக்கிற பக்கத்து அறை ஒன்று இருந்தது. அதை ஒழித்து, கதவு போட்டுத் தருகிறேன், வந்து இருங்கள் என்று அவள் ஒரு மாசமாக மன்றாடிக்கொண்டிருந்தாள். அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இன்றைக்கு இந்த இடத்துக்கு இழுத்துக்கொண்டு வந்ததே வாயைப் பிடுங்கத்தான் என்பது அவருக்குத் தெரியும். பேத்திக்கு ஊர் சுற்றிக் காட்டுகிறார்களாம். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருட்டாகிவிடுமா?

வீடுகள் ஒரு மண் பாதையின் இரண்டு பக்கமும் நின்றன. சவரக் கடை, மருந்துக் கடை, ஒற்றை அறைப் பள்ளிக்கூடம், கொல்லன் பட்டறை. எங்கெங்கோ இருந்தவற்றைப் பலகை பலகையாகப் பிரித்துக் கொண்டுவந்து இங்கே திரும்பப் பூட்டியிருந்தார்கள். ஒரு வீட்டுக்குள் நுழைந்து உட்கார இடம் தேடிய முடிச்சுக்காரர், உத்தரத்தின் அடியில் சின்னதாக வெள்ளைச் சாயத்தில் எண் எழுதியிருப்பதைப் பார்த்தார். பக்கத்துக் கட்டையிலும் ஒரு எண். ஜன்னல் சட்டத்திலும் ஒன்று.

"இது என்னத்துக்கு?"

"பிரிக்கும்போது ஒவ்வொண்ணுக்கும் எண் போட்டுருவாங்க மாமா" என்றார் மாப்பிள்ளை. "அப்பத்தானே திரும்ப மாத்தாம மாட்ட முடியும்."

"குடியிருக்க ஆளில்லாத வீட்டுக்கு இத்தனை பவிசு. ஆளு இருக்கிற வீட்டைக் கடப்பாரை வெச்சு இடிக்கிறானுங்க."

"ஆமா மாமா."

இதுதான். இந்த 'ஆமா மாமா'தான். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதர் மறுத்து ஒரு வார்த்தை பேசி முடிச்சுக்காரர் கேட்டதில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணுக்கு அளவு பார்க்கிற வேலை. நாளெல்லாம் வருகிறவனிடம் 'இது தெரியுதா, அது தெரியுதா' என்று பதமாகப் பேசிப் பேசி, வீட்டிலும் அதே பதம். ஒருதடவை முடிச்சுக்காரர் வேண்டுமென்றே சொல்லிப் பார்த்தார், "இந்த வருஷம் மழை கீழேருந்து மேலே பெய்யும்போல இருக்கு மாப்பிள்ளை" என்று. "ஆமா மாமா, காலம் கெட்டுப் போச்சு" என்றார் மாப்பிள்ளை. எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவன் எதற்கும் தலையாட்டவில்லை என்றுதான் அர்த்தம். உள்ளே என்ன நினைக்கிறான் என்று யாருக்குத் தெரியும்? அதனால் முடிச்சுக்காரர் அவரிடம் 'நீங்க, வாங்க' என்று மரியாதையைக் கொஞ்சம்கூடக் குறைத்ததில்லை. மரியாதை என்பது வேலி மாதிரி. அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் இவர்.

பேத்திக்கு எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்க வேண்டும். வீட்டில் அவள் பேர் வாண்டு. கையால் சுற்றுகிற திருகைக் கல்லில் அம்மாவும் அவளும் எதிரெதிரே உட்கார்ந்து மாவு அரைத்தார்கள். அரைத்தது கைப்பிடி, சிந்தினது ரெண்டு கைப்பிடி. கிணற்றில் தண்ணீர் இறைத்தாள். இறைத்த தண்ணீர் ஒரு தொட்டியில் விழுந்து, தொட்டியிலிருந்து ஒரு குழாய் வழியாகத் திரும்பக் கிணற்றுக்குள்ளேயே போய்க்கொண்டிருந்தது. முடிச்சுக்காரர் அந்தக் குழாயை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு அப்பன் கயிறு கையை அறுக்குது என்று மனைவியிடம் முறையிட்டுக்கொண்டிருந்தான். அடுத்த அப்பன் தன் முறைக்காகச் சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தான்.

"தாத்தா, நீங்க ஒரு வாளி இறைங்க."

"எதுக்கு? உள்ளே போறதுக்குத்தானே? அது பாட்டுக்கு அங்கேயே கிடக்கட்டும்."

முட்டி வலித்தது. அதைவிட, எதையும் ஒரு முடிவாகச் சொல்லாமல் நாள் நாளாகத் தள்ளிக்கொண்டே வந்த அலுப்பு ஒன்று தோளில் மூட்டை மாதிரி உட்கார்ந்திருந்தது. மூட்டையையாவது ஒரு இடத்தில் இறக்கி வைக்கலாம்.

மத்தியானம் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, மகள் கட்டிக்கொண்டு வந்த ரொட்டியைச் சாப்பிட்டார்கள். அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அப்பா கையில் கொடுத்தாள். கொடுத்த விதத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது, வருகிறது என்று.

"அப்பா, நாளைக்குக் காலையில ஆசாரி வர்றாரு."

"வரட்டும்."

"கதவு போடச் சொல்லவா, வேணாமா?"

"கதவு போடறது நல்லதுதானே. நாய் நுழையாது."

"அப்பா, விளையாடாதீங்க. நாளைய விட்டா அந்த ஆளு அடுத்த மாசம்தான் கிடைப்பாரு. அதுக்குள்ள உங்க மாடியை இடிச்சுத் தரைமட்டமாக்கிருவாங்க. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள எனக்கு ஒரு வார்த்தை வேணும்."

"மொட்டை கூப்பிட்டிருக்கான்."

மொட்டை என்பது ஷெட்டில் அவரோடு பாரம் கட்டினவர். டயர் கடை மேலே ஒரு அறையில் தனியாக இருக்கிறார்.

"மொட்டை மாமா ரூமுக்கு ஏணி வெச்சில்ல ஏறணும்! உங்க முட்டிக்கு அது ஆகுமா?"

"ஏறிட்டா இறங்க வேண்டியதில்லை."

"நல்லா இருக்கு பேச்சு. அவரு விடுற குறட்டையில கீழே டயரெல்லாம் வெடிக்கும்னு நீங்கதானே சொல்லுவீங்க."

"குறட்டை விடுறவன் தூங்குறான்னு தெரியும். விடாதவன் முழிச்சிருக்கானா தூங்குறானான்னு தெரியுமா?" முடிச்சுக்காரர் மாப்பிள்ளையைப் பார்க்காமல்தான் சொன்னார். மாப்பிள்ளை ரொட்டியைச் சுற்றியிருந்த காகிதத்தை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தார்.

மகள் பெருமூச்சு விட்டாள். "அப்பா, நீங்க கேட்டபடிதான் செய்யப் போறேன். தெருப் பக்கம் வாசல். உங்க இஷ்டத்துக்குப் போகலாம், வரலாம். எங்க கூடத்துக்குள்ள காலே வைக்க வேண்டாம். இதுக்கு மேல என்ன செய்யட்டும், சொல்லுங்க."

அதுதான் அவர் போட்ட நிபந்தனை. பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி இருப்பேன், வீட்டுக்குள் இருக்கிறவனாக இருக்க மாட்டேன். மருமகன் கூடத்தில் உட்கார்ந்திருக்க, அவர் முன்னால் குனிந்து நடந்து கக்கூசுக்குப் போகிற பிழைப்பு வேண்டாம். விருந்தும் மருந்தும் மூணு நாள். நாலாம் நாள் முகம் மாறும்.

"தெருப் பக்கம்தானே? நிச்சயமா?"

"தெருப் பக்கம்தான்பா."

மாப்பிள்ளை ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மகள் அவரைப் பார்த்தாள். திறந்த வாய் மூடிக்கொண்டது. முடிச்சுக்காரர் அதைப் பார்த்துவிட்டார். பார்த்ததைக் காட்டிக்கொள்ளாமல் தண்ணீர் குடித்தார். சரிதான், இதில் ஏதோ இருக்கிறது.

சாப்பிட்டு எழுந்ததும் வாண்டு கயிற்றுக் கொட்டகைக்குப் போகணும் என்றாள். நீளமான கொட்டகை, சுவர் இல்லை. ஒரு முனையில் மரச்சட்டம் ஒன்றை நட்டு, அதில் மூன்று கொக்கிகளை மாட்டியிருந்தார்கள். கைப்பிடியைச் சுற்றினால் மூன்றும் ஒன்றாகச் சுழலும். மூன்று கொக்கியிலிருந்தும் மூன்று நூல் புரிகள் கொட்டகையின் மறுமுனைவரை போயின. அங்கே ஒரு ஆள் ஒற்றைக் கொக்கி ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டும். நடுவில் ஒரு பிள்ளை, மூன்று பள்ளம் வெட்டின உருண்டைக் கட்டையைப் புரிகளுக்கு இடையில் கொடுத்துப் பிடித்துக்கொள்ளும். முறுக்கு ஏற ஏற, கட்டைக்குப் பின்னால் மூன்றும் ஒன்றாகிக் கயிறாகும்.

சேலைமேல் ஏப்ரன் மாதிரி துணி கட்டிய ஒரு பெண் அந்தக் கொட்டகையைப் பார்த்துக்கொண்டாள். குரல் மட்டும் நாலு ஆளுக்குரிய குரல்.

"யாரு சுத்தறது, யாரு முனையைப் பிடிக்கிறது?"

"அப்பா சுத்துவாரு, நான் கட்டை, தாத்தா முனை" என்று வாண்டு பங்கு பிரித்துவிட்டாள்.

"தாத்தாவுக்கு முடியுமா?"

"ஏம்மா" என்றார் முடிச்சுக்காரர், "உங்க அப்பன் பிறக்கிறதுக்கு முன்னாடியே நான் கயிறு பிடிச்சவன். லாரி லாரியா கட்டியிருக்கேன்."

"ரொம்ப நல்லதுங்க ஐயா. ஆனா இது கட்டுற வேலை இல்லை. முறுக்கு ஏறினா புரி குட்டையாகும். அது உங்களைக் கூப்பிடும். கூப்பிட்ட அளவுக்கு மெல்ல மெல்ல முன்னால வரணும். முந்தியும் ஓடாதீங்க, நின்னும் போயிராதீங்க."

"ம்ம்" என்றார் அவர். காதில் விழுந்தது, அதற்குக் கீழே இறங்கவில்லை.

கொக்கியைப் பிடித்தார். பழக்கம் பாருங்கள், கால் தானாகவே ஒரு தூணைத் தேடி அதில் உதைத்துக்கொண்டது. மாப்பிள்ளை கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தார். கடகடவென்று கொக்கிகள் சுழன்றன. கொஞ்ச நேரத்தில் கையில் இருந்த கொக்கி ஒரு இழு இழுத்தது. சின்ன இழுப்புதான், வெட்கப்படுகிற மாதிரி. முடிச்சுக்காரர் திரும்ப ஒரு இழு இழுத்தார்.

"வாங்க ஐயா, கொஞ்சம் முன்னால வாங்க!"

"விட்டுக்கொடுத்தா பாரம் சரிஞ்சிரும்!"

"இதுல பாரமே இல்லைங்க ஐயா!"

கயிறு விறைத்தது. அவரும் விறைத்தார். அந்தப் பக்கம் மாப்பிள்ளை சுற்றச் சுற்ற, இந்தப் பக்கம் இவர் தூணை உதைத்துச் சாய்ந்தார். பட்டென்று ஒரு புரி அறுந்தது. முடிச்சுக்காரர் பின்னால் வரிசையில் நின்ற ஒரு தடித்த ஆள்மேல் போய் விழுந்தார். அந்த ஆள் பஞ்சு மூட்டை மாதிரி இருந்ததால் இருவருக்கும் சேதமில்லை.

"நூல் மக்கிப் போச்சு" என்றார் எழுந்துகொண்டே. "இந்த மாதிரி நூலை வெச்சுக்கிட்டுக் கயிறு திரிக்கிறாங்களாம்."

அந்தப் பெண் புதுசாக மூன்று புரி மாட்டிக் கொடுத்தாள். இரண்டாவது தடவை. இப்போது எச்சரிக்கையாக இருக்கவேண்டும் என்று அவர் இன்னும் இறுக்கிப் பிடித்தார். மாப்பிள்ளை மெதுவாகத்தான் சுற்றினார். "மாமா, ஒரு அடி வாங்க" என்றார். "ரெண்டு அடி வாங்க மாமா" என்றார். அவர் வரவில்லை. மாப்பிள்ளை இழுக்கிறது முடிச்சுக்காரர் கையில் தெரிந்தது. நான் எதற்கு வர வேண்டும்? அவன் நிறுத்தட்டுமே. பட். இந்தத் தடவை இரண்டு புரி.

"தாத்தா, நீங்கதான் அறுக்கறீங்க!" என்று வாண்டு கட்டையைக் கீழே போட்டாள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "பெரியவருக்கு மாடு பிடிக்கிற வேலை குடுங்கப்பா" என்றது ஒரு குரல். வாண்டுக்கு உதடு பிதுங்கியது.

மாப்பிள்ளை கைப்பிடியை விட்டார். முகம் சிவந்திருந்தது.

"போதும் மாமா! எதை எடுத்தாலும் இப்படியே பிடிச்சு இழுத்துக்கிட்டே இருந்தா எந்தக் கயிறு நிக்கும்? ஒரு அடி வந்தா என்ன, கால் தேஞ்சிருமா? விட்டுத் தொலைங்களேன்!"

வரிசையில் சிரிப்பு நின்றது. "என்னங்க இது!" என்று மகள் ஓடிவந்தாள். வாண்டு நிஜமாகவே அழ ஆரம்பித்தாள்.

முடிச்சுக்காரர் அசையவில்லை. அவர் மருமகனைத் தலையிலிருந்து கால்வரை ஒருதடவை பார்த்தார். கடையில் புதுசாக வந்த சரக்கைப் பார்க்கிற மாதிரி.

"அடுத்த குடும்பம் முடிக்கட்டும். அப்புறம் உங்களுக்கு இன்னொரு தடவை மாட்டித் தர்றேன்" என்று கயிற்றுப் பெண் சமாதானம் சொன்னாள். மகள், பிள்ளைக்கு முகம் கழுவிவிடக் கூட்டிக்கொண்டு போனாள். போகும்போது இரண்டு ஆண்களையும் ஒரே பார்வையில் முறைத்துவிட்டுப் போனாள். மாமனாரும் மருமகனும் கொட்டகை ஓரத்து மரப் பலகையில் உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம்.

"தப்பா நினைச்சுக்காதீங்க மாமா. வாய் தவறி..."

"தவறலை. இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் உங்க வாய் சரியா வேலை செஞ்சிருக்கு." முடிச்சுக்காரர் முட்டியைத் தடவினார். "இதே சூட்டுல கேக்கறேன், ஆமா மாமா சொல்லாம பதில் சொல்லுங்க. நான் உங்க வீட்டுக்கு வர்றது உங்களுக்குப் பிடிக்குமா?"

மாப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியில் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டார்.

"பிடிக்காது மாமா."

"ம்."

"நீங்க வந்தா டிவி சத்தம் கூடாதும்பீங்க. பிள்ளையை ஏன் இவ்வளவு நேரம் தூங்க விடறீங்கம்பீங்க. நான் கடையில விக்கிற கண்ணாடியெல்லாம் ஏமாத்து வேலைம்பீங்க. ஏற்கனவே சொல்லியிருக்கீங்க, வந்திருந்தவங்க முன்னாடி."

"ஏமாத்துதானே."

"பாத்தீங்களா?"

எதிரே வேறொரு குடும்பம் கயிறு திரித்துக்கொண்டிருந்தது. முனையைப் பிடித்திருந்த அம்மா, சிரித்துக்கொண்டே ஒவ்வொரு அடியாக முன்னால் வந்துகொண்டிருந்தாள். அது ஒரு பெரிய காரியமாகவே அவளுக்குத் தெரியவில்லை.

"பிடிக்கலைன்னா எதுக்குக் கூப்பிடறீங்க?"

"நான் எங்கே கூப்பிட்டேன்? அவதான் கூப்பிடறா. நான் வேணாம்னு சொல்லலை, அவ்வளவுதான்." மாப்பிள்ளை குரலைத் தாழ்த்தினார். "உங்க மக ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சு போனைப் பாக்கறா மாமா. அப்பா விழுந்திருப்பாரோ, படியில விளக்கு இல்லையேன்னு. ஒருநாள் செருப்புகூடப் போடாம உங்க தெருவுக்குக் கிளம்பிட்டா. நான்தான் பிடிச்சு உக்கார வெச்சேன். அவளும் தூங்கறதில்லை, என்னையும் தூங்க விடறதில்லை. காலையில போய் நான் ஜனங்க கண்ணைப் பாக்கணும். எனக்கே கண்ணு தெரிய மாட்டேங்குது. நீங்க பக்கத்து ரூம்ல இருமினா அவ தூங்கிருவா. எனக்கு அது போதும். உங்க மேல பாசம்னெல்லாம் நான் சொல்ல வரலை."

இனிக்க இனிக்க வந்த அழைப்பையெல்லாம் ஒரு மாசமாகத் தட்டிக் கழித்தவருக்கு இந்தக் கசப்பைத் தட்டிக் கழிக்க வழி கிடைக்கவில்லை. அவனவன் தூக்கத்துக்காகச் செய்கிறான். அதில் பொய் சொல்ல என்ன இருக்கிறது?

"சரி, இன்னொண்ணு. சாப்பிடும்போது என்னமோ சொல்ல வந்து முழுங்கினீங்களே."

மாப்பிள்ளை மனைவி போன திசையைப் பார்த்தார். "தெருப் பக்கம் வாசல் வைக்க முடியாது மாமா. அந்தச் சுவருக்குள்ள மேல் தொட்டித் தண்ணிக் குழாய் இறங்குது. ஆசாரி போன வாரமே பாத்துட்டு ஆகாதுன்னுட்டாரு. கூடத்துப் பக்கம்தான் கதவு வரும். அவளுக்குத் தெரியும். நீங்க சாமான் எல்லாம் கொண்டுவந்து இறக்கினதுக்கு அப்புறம் சொல்லிக்கலாம்னு இருக்கா."

"என் மக பொய் சொன்னாளா?"

"உங்களைக் கொண்டுவர வேற வழி தெரியலை அவளுக்கு."

"உங்களுக்குத்தான் வழி தெரிஞ்சிருக்கு. எல்லாத்தையும் போட்டு உடைச்சுட்டீங்க. இப்ப நான் வரலைன்னு சொன்னா?"

"சொல்லுங்க. கதவு போட்ட அப்புறம் சொல்றதுக்கு இப்பவே சொல்றது மேல்." மாப்பிள்ளைக்கு அலுத்துப் போயிருந்தது. பேச்சிலேயே தெரிந்தது. "நான் உங்ககிட்ட ஒண்ணும் பேசலைன்னு மட்டும் அவகிட்ட சொல்லிருங்க."

"சொல்றேன், சொல்லாம இருக்கேன், அது என் பாடு."

மகளும் பேத்தியும் திரும்பி வந்தார்கள். இரண்டு பேரும் ஒரே பலகையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து மகள் கொஞ்சம் சந்தேகத்தோடு நின்றாள். கயிற்றுப் பெண் கையைத் தட்டினாள். "மூணாவது தடவை யாரு? ஐயா, வர்றீங்களா, போதுமா?"

"போலாம் மாமா, வெயில் தாழப் போகுது" என்றார் மாப்பிள்ளை.

"போய்ச் சுத்துங்க."

முடிச்சுக்காரர் கொக்கியைப் பிடித்தார். காலைத் தூணிலிருந்து எடுத்து வைக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. கைப்பிடி சுழன்றது. கொக்கி இழுத்தது. உடம்பு பூராவும் 'இழு, இழு' என்றது. ஆயுசெல்லாம் சோறு போட்ட பாடம் அது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு அடி முன்னால் வைத்தார். குழிக்குள் காலை விடுகிற மாதிரி இருந்தது. ஒன்றும் சரியவில்லை. இன்னொரு இழுப்பு. இன்னொரு அடி. வாண்டு நாக்கைத் துருத்திக்கொண்டு கட்டையைப் பிடித்து நடந்தாள். அவளுக்குப் பின்னால் கயிறு ஆகிக்கொண்டே வந்தது.

பாதியில் மறந்துபோய் நின்றுவிட்டார். புரி விறைத்தது.

"மாமா" என்றார் மாப்பிள்ளை. கைப்பிடியைச் சுற்றாமல் நிறுத்திக்கொண்டு காத்திருந்தார்.

முடிச்சுக்காரர் அந்த அடியையும் வைத்தார்.

கடைசியில் மரச்சட்டத்துக்குப் பக்கத்திலேயே வந்து நின்றார். மருமகனின் முகம் கையெட்டுகிற தூரத்தில் இருந்தது. வேர்வையில் கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியிருந்தது. கண்ணுக்குக் கீழே கருவளையம், நல்ல ஆழமாக. தூக்கமில்லை என்றது பொய்யில்லை போலத்தான் இருக்கிறது.

கயிற்றுப் பெண் இரண்டு முனையையும் கட்டி, வெட்டி, வாண்டு கையில் கொடுத்தாள். ஒரு இடத்தில் மட்டும் கயிறு திரண்டு முட்டி மாதிரி இருந்தது. அவர் மறந்து நின்ற இடம்.

"ஊஞ்சல் கட்டலாமா தாத்தா?"

அவர் வாங்கி, இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டு ஒரு சுண்டு சுண்டி இழுத்துப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார். "பொம்மைக்குக் கட்டு. நீ ஏறினா மண்ணுலதான் கிடப்பே."

பிறகு மகளைப் பார்த்தார்.

"நாளைக்கு ஆசாரியை வரச் சொல்லு."

அவள் கண் விரிந்தது. "அப்பா..."

"கதவு கூடத்துப் பக்கம் வைக்கட்டும்."

மகள் திடுக்கிட்டுக் கணவனைப் பார்த்தாள். மாப்பிள்ளை கொட்டகைக் கூரையைப் பார்த்தார், அதில் பார்க்க ஏதோ இருக்கிற மாதிரி.

"தெருப் பக்கம்னுதானே பேசினோம்?" என்றாள் மெல்ல.

"பேசினோம். தெருவுல தூசி. தாழ்ப்பாள் மட்டும் என் பக்கம் இருக்கணும். அப்புறம் டிவி சத்தத்தைப் பத்தி நான் பேசுவேன். அதை இப்பவே சொல்லிட்டேன். ஒருத்தரும் முகத்தைத் தூக்கி வெச்சுக்கக் கூடாது."

"பேசுங்க மாமா" என்றார் மாப்பிள்ளை. "நானும் பேசுவேன்."

"பேசிப் பாருங்க. மழைக்காலம் முடியிற வரைக்கும் பாக்கறேன். சரிப்படலைன்னா மொட்டைகிட்டப் போயிருவேன். அவன் ஏணியை எங்கேயும் எடுத்துட்டுப் போயிடலை."

மகள் முந்தானையை எடுத்து மூக்கைத் துடைத்தாள். பெண்பிள்ளைகள் நல்லதுக்கும் அழுவார்கள், கெட்டதுக்கும் அழுவார்கள். எது எது என்று நமக்குத்தான் புரியாது. அவருக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. பொய் சொன்னாளே என்று கேட்கவும் தெம்பில்லை. வெளிவாசலைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.

"ஐயா!" என்று கயிற்றுப் பெண் பின்னாலிருந்து கூப்பிட்டாள். "கடைசியில நல்லா வந்திருச்சு பாத்தீங்களா? விட்டுக்கொடுத்தா வரும்னு சொன்னேனே!"

அவர் திரும்பவில்லை. கையை மட்டும் பின்பக்கமாக ஒருதடவை ஆட்டினார். போ போ என்கிற மாதிரியும் இருந்தது, சரி சரி என்கிற மாதிரியும் இருந்தது. அந்தப் பெண்ணுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள், அவள் அப்படித்தான் சொல்லுவாள். மூணாவது தடவை மாட்டினது புது நூல். முதல் ரெண்டும் மக்கின நூல்தான். அதில் அவருக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை. முட்டியைத் தேய்த்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தையும் மருந்துக் கடையையும் ஏறெடுத்தும் பார்க்காமல் அவர் நடந்துகொண்டே இருந்தார்.